அபூசாலியின் வாப்பாவுக்குப் பூத்தது

முதல் மழை விட்ட கையோடு இறந்தவர்களை அடக்கும் எங்கள் ஊர் மையவாடியில் காட்டு லில்லி பூத்தது. கோடை முழுக்க மணலுக்குள் வெங்காயம்போலக் கிடந்து, மழைக்குத் தானாக எழும்பும் கிழங்கு அது. யாரும் கவனிப்பதில்லை. இம்முறை கருவாட்டு வியாபாரி அபூசாலி கவனித்துவிட்டார். அவருடைய வாப்பாவின் கபுறின் மேல்தான் பூ அடர்ந்து நின்றது. படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் போட்டார்.

"மாஷா அல்லாஹ், நல்ல மனிசனுக்கு அடையாளம்" என்று பதில்கள் குவிந்தன. அந்த நல்ல மனிதரை விடியற்காலை சுபஹுத் தொழுகையில் கண்டவர்கள் குறைவு என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

உப்பளக்காரர் ஜௌபர் ஹாஜியாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. பக்கத்துக் கபுறில் கிடப்பவர் அவருடைய வாப்பா, பளபளக்கும் கறுப்புக் கல்லுக்குக் கீழே.

"பள்ளிவாசலுக்குக் காணி குடுத்தது எங்கட வாப்பா. பூ அவன்ட வாப்பாக்கா?"

மனைவி ஷிம்லா அவர் சோற்றில் ஆணத்தை ஊற்றினாள். "கல்லால மூடி வெச்சா பூ எங்கால வாற? பேர் றோட்டுக்கே விளங்கணும் எண்டு கல்லுப் போட்டது ஆரு?"

மறுநாள் ஹாஜியார் ஆள் பிடித்துக் கல்லைப் பெயர்த்தார். மையவாடி மூலையில் கிழங்கு தோண்டி, வாப்பாவின் மண்ணில் நெருக்கமாக நட்டார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மௌலவி பள்ளிவாசல் மிம்பர் மேடையில் நின்று சொன்னார்: "கபுறை மண்ணாகவே விடுவதுதான் அழகு. பெருமையைப் பெயர்த்தெறிய ஜௌபர் ஹாஜியாரைப் போல மனசு வேணும்."

வெளியே சனம் கைகொடுத்தது. ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். அபூசாலியின் முகம் சுருங்கியதைக் குனிந்தபடியே பார்த்தார். அன்று சோறு இறங்கியது.

அடுத்த வருட மழைக்கு அபூசாலி பக்கம் மறுபடியும் வெள்ளை வெளேரென்று பூ. ஹாஜியார் பக்கம் இலை மட்டும், ஆட்டுக்குப் போடுமளவுக்கு.

அபூசாலி ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தார். "கவலப்படாதீங்க ஹாஜியார், வாற வருசம் ஒண்டு ரெண்டு பூக்கும். வேணுமெண்டா எங்கட வாப்பாட கபுறில இருந்து நல்ல கிழங்கு தாறன்."

"எங்கட வாப்பாக்கு இந்தப் பகட்டெல்லாம் சரிவராது அபூசாலி. பச்சை போதும்."

அபூசாலி போகும்வரை ஹாஜியார் கையேந்தி துஆ ஓதினார். பிறகு குனிந்து, இலைகளை ஒவ்வொன்றாக விலக்கி, மொட்டு ஏதும் இருக்கிறதா என்று தேடினார்.