சிவக்கொழுந்து பார்த்த கப்பல்கள்

என் கணவருக்குக் கண் தெரியாது என்பது எங்கள் ஒழுங்கையில், கடற்கரைக்குப் போகிற அந்தச் சின்னத் தெருவில், எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். தொண்ணூற்றேழாம் ஆண்டு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுச் சமாச்சாரம் அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இருப்பது லேசான காரியமல்ல. யார் வீட்டுக்கு வவுனியாவிலிருந்து ஆள் வந்திருக்கிறது, யாருடைய மகளுக்குக் கனடாவில் பேச்சு நடக்கிறது என்பதெல்லாம் மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுக்கப் பரவிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சிவக்கொழுந்து என்கிற மனிதர் மூன்று வருடமாகக் கண் தெரியாமல் நடமாடினார். ஒருவரும் மோப்பம் பிடிக்கவில்லை. அவ்வளவு நன்றாக நடித்தார். கூட நின்று நானும் நடித்தேன்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிற வியாதி அது. வெளியே பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர், வேலையை விடும்போதுகூடக் கண் என்று சொல்லவில்லை. இதயம் என்று சொன்னார். இதயம் மரியாதையான வியாதியாம், பெரிய மனிதர்களுக்கு வருவதாம். கண் ஆஸ்பத்திரி கார்ட்டைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். நான் சத்தம் போட்டேன். "இனி அவங்கடை மருந்தும் வேண்டாம், அவங்கடை கார்ட்டும் வேண்டாம்" என்றார். அந்த மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கும் குறைவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் வாளியைத் தடவித் தேடி எடுத்து இன்னொரு தரம் தண்ணீர் ஊற்றினார். அதற்கு மேல் பேச எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கப்படி தெருவில் புருஷன் முன்னால் போவான், பெண்சாதி பின்னால் போவாள். கலியாணம் முடித்த புதிதில் எனக்கு இது பெரிய எரிச்சல். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் என்ன குடியா முழுகிப்போகும் என்று கேட்டிருக்கிறேன். கண் போன பிறகு அதே வழக்கம் அவருக்குத் தோதாகிவிட்டது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போவார். நான் பின்னால் நின்று ஒரு தரம் இருமினால் படி. இரண்டு தரம் இருமினால் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். எதிரே ஆள் வந்தால் பெயரை மெதுவாகச் சொல்வேன். அவர் உடனே, "என்ன வலன்ரைன், இண்டைக்கு வேலை இல்லையோ?" என்று கேட்பார். மேல்மாடியில் குடியிருந்த வலன்ரைன் துறைமுகத்தில் வேலை செய்கிறவன், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்க வேதக்காரன், வெள்ளை மனசுக்காரன். "ஐயா தூரத்திலையே ஆளைக் கண்டுபிடிச்சிருவார்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்துக்குப் போவோம். அங்கே தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ஒழுங்கை ஆம்பிளைகள் நாலைந்து பேர் காற்று வாங்க வருவார்கள். இவர் கடலைப் பார்த்து நின்று, நெற்றியில் கையை வைத்து, "இண்டைக்கு ரெண்டு கப்பல் நிக்குது. வடக்காலை நிக்கிறது எண்ணெய்க் கப்பல்" என்று விளக்கம் சொல்வார். எண்ணிக்கை நான் சொல்லிக் கொடுத்தது. எண்ணெய்க் கப்பல் அவராகச் சேர்த்துக்கொண்டது. கப்பலைப் பற்றிக் கதைக்கும்போதுதான் அவர் பழைய சிவக்கொழுந்தாக நிற்பார். மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அந்த முகத்தைப் பார்க்கிற ஆசையில் நானும் அலுக்காமல் கப்பல் எண்ணினேன்.

யுத்தகாலத்தில் ஒரு தமிழன் கடற்கரையில் நின்று கப்பல் எண்ணுகிறான். அது வெளியாருக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் இரண்டு பேருடைய மண்டையிலும் ஏறவில்லை.

ஷபீகா வந்தது அந்த வருடம் வைகாசியில். அவள் கொம்பனித்தெருப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தாள். நடுவயதில் பார்வை போன ஆண்கள் வீட்டிலும் தெருவிலும் எப்படி ஆம்பிளையாக இருக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. வேறு ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்க இவருக்குத் தெரியாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளைச் சந்தித்தேன். யாருக்காவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். கணவரிடம், கப்பல் வேலையைப் பற்றிக் கேட்க ஒரு பிள்ளை வருகிறாள் என்று சொன்னேன்.

ஒரு மணித்தியாலம் கப்பல் கதை கதைத்தார். பிறகு அவள் மெதுவாக, "வேல விட்ட பொறகு வீட்டுல ஒங்களுக்கு யாராச்சும் ஒதவி செய்றாங்களா, ஐயா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன உதவி? உதவி கேக்கிறவன் வேறை ஆள், பிள்ளை" என்றார்.

அவள் ஒன்றும் பேசாமல் மேசையிலிருந்த பிஸ்கட் தட்டை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள். அவர் சிரித்த முகத்தோடு அவளுக்குத் துறைமுகத்துப் பாரந்தூக்கியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அவள் தட்டைத் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

தேநீர் ஊற்றுகிற சாட்டில் குசினிக்குள் போனேன். அவளும் பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, இவர மாதிரி நெறயப் பேரப் பாத்திருக்கிறன். ஆனா காலம் சரியில்ல. ஒரு ஆளுக்காவது சொல்லி வைங்க. நாளைக்கு ஏதும் நடந்தா, இவருக்குக் கண் தெரியாதுன்னு சொல்ல ஒரு வாய் வேணும்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது வலன்ரைனுக்கு மட்டுமாவது சொல்வோம் என்று கேட்டேன். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். "அவன் என்னைக் கையிலை பிடிச்சு றோட்டுக் கடத்துவான். பிறகு ஒழுங்கை முழுக்க என்னைத் தூக்கித் திரியும். அதுக்கு நான் செத்துப்போகலாம், ஜெகதீஸ்" என்று என்னைப் பெயர் சொல்லிச் சொன்னார். நான் விட்டுவிட்டேன். மனிதர் பிடித்த பிடியில் நின்றால் நான் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

ஆனியில் நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. மூன்றாம் நாள் பின்னேரம் தண்டவாளத்தடியில் அவர் நெற்றியில் கையை வைத்து நின்றபோது, சிவில் உடுப்பில் இரண்டு பேர் அவருக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். நான் பதறி இரண்டு தரம் இருமினேன். இருமலுக்கு ஆபத்து என்று ஒரு அர்த்தம் எங்களிடம் இருக்கவில்லை. அவர் இடப்பக்கம் ஒதுங்கி அவர்களில் ஒருவன்மீது மோதிக்கொண்டார். அப்படியே பிடித்துக்கொண்டு போனார்கள். காற்று வாங்க வந்தவர்கள் கடலைப் பார்த்தபடி நின்றார்கள்.

அடுத்த நாள் போயா தினம், பௌர்ணமி விடுமுறை. கிளினிக் இல்லை, டொக்டர் இல்லை, வக்கீல் கந்தோரும் பூட்டு. விடியற்காலையிலேயே ஷபீகாவுக்குப் போன் பண்ணி வரவழைத்துக்கொண்டு போனேன். அவரைக் கொண்டுபோன பொலிஸ் பிரிவு காலி வீதி என்கிற பிரதான சாலைக்கு அருகே ஒரு பழைய பங்களாவில் இருந்தது. முன்னால் மணல் மூட்டை, முற்றம், வாசலில் தகரக் கேற். அவருக்குக் கண் தெரியாது என்று காவலுக்கு நின்றவனிடம் ஷபீகா சிங்களத்தில் சொல்லி உள்ளே அனுப்பினாள். ஒழுங்கை ஆம்பிளைகளையும் வாக்குமூலத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வலன்ரைன் முடித்துக்கொண்டு வெளியே வந்தான். என்னைக் கண்டதும் ஓடி வந்தான்.

"அக்கா, பயப்பிடாதீங்க. நல்லாத்தான் சொன்னன். ஐயாவுக்குக் கண் தெரியாதோ எண்டு கேட்டானுகள். எனக்குச் சிரிப்பு வந்திட்டு. அவர் கப்பலை எண்ணிச் சொல்ற ஆள், தூரத்திலை வாற என்னையே பேர் சொல்லிக் கூப்பிடுற ஆள் எண்டு சொன்னன். மத்த ஆக்களும் அதைத்தான் சொன்னவை."

அவனைத் திட்டவும் முடியவில்லை. எங்களுக்கு நல்லது செய்ததாக நினைத்து நிற்கிறான்.

உள்ளே இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். மின்விசிறிக்குக் கீழே என் கணவர் கதிரையில் இருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கன்னம் வீங்கியிருந்தது. நான் வருகிற சத்தத்தைக் கேட்டு முதுகை நிமிர்த்தினார்.

ஷபீகா சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். தன்னுடைய ஆராய்ச்சியைச் சொன்னாள், ஆண்கள் இதை ஏன் மறைக்கிறார்கள் என்று சொன்னாள், பிஸ்கட் தட்டைச் சொன்னாள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நானும் கும்பிட்டுச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் சிரித்தார். "மிஸ், குருடன் என்று நடிக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். குருடன் இல்லை என்று நடிக்கிற ஒருவனை யாராவது கண்டிருக்கிறார்களா? நேற்று எங்கள் ஆள்மீது மோதினாராம், கண் தெரியாதா என்று இவரிடம் கேட்டேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று இவரே சொன்னார். இன்றைக்குத்தான் நீங்கள் வந்து குருடு என்கிறீர்கள்."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அடி வாங்கும்போதும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடத்திலேயே நானும் ஒரு அறை விட்டிருப்பேன்.

ஷபீகா விடவில்லை. கெஞ்சினாள், வாதாடினாள். கடைசியில் இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். மத்தியானம் மேலிடத்து வாகனம் வருகிறது, அதில் ஏற்றினால் பிறகு ஆள் தன் கையில் இல்லை என்றார். "சரி. இந்த முற்றத்தில் கேற்வரைக்கும் தனியாக நடக்கட்டும். கண் தெரியாதவன் நடக்கிற நடை எனக்குத் தெரியும். என்னுடைய மாமா ஒருவர் அப்படித்தான். எனக்கு நம்பிக்கை வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். நோனா வாய் திறக்கக் கூடாது, இருமவும் கூடாது" என்று என் பக்கம் கையைக் காட்டினார். எங்கள் இருமலைக்கூட ஏதோ சங்கேதம் என்று குறித்து வைத்திருந்தார்கள்.

விறாந்தை விளிம்பில் அவருடைய காதுக்குக் கிட்டே போய்ச் சொன்னேன். "இஞ்சேருங்கோ, இந்த ஒரு தரம். கையை நீட்டித் தடவித் தடவி நடவுங்கோ. விழுந்தாலும் பரவாயில்லை. உங்கடை காலைப் பிடிச்சுக் கேக்கிறன்."

அவர் சட்டையில் பொத்தான் இல்லாத இடத்தைத் தடவி மூடினார். பிறகு, "வெளியிலை ஆராவது நிக்கினமோ?" என்று கேட்டார்.

தகரக் கேற் பாதி திறந்திருந்தது. வலன்ரைனும் ஒழுங்கை ஆம்பிளைகள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள்.

"ஒருத்தரும் இல்லை. நானும் அந்தப் பிள்ளையும்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். படியில் இறங்கும்போது கால் தவறித் தடுமாறினார். அது நடிப்பில்லை. நான் இருமாத படி அது. பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். மூன்று வருடத்தில் அவருடைய கை அப்படி நீண்டு நான் பார்த்ததில்லை. வெயிலில் கண்ணை விரித்துக்கொண்டு, விரல்களால் காற்றைத் துழாவிக்கொண்டு நடந்தார். மணல் மூட்டையில் முழங்கால் இடித்து விழுந்தார். எழும்பினார். திசை மாறிச் சுவர்ப் பக்கம் போய், சுவரைத் தடவி, திரும்பவும் வந்தார். முழங்காலில் இரத்தம் காற்சட்டையை நனைத்தது. எனக்கு ஓடிப்போய்த் தூக்கவேண்டும் போலிருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இன்ஸ்பெக்டரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவருடைய முகம் மாறியிருந்தது. கையிலிருந்த சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து நின்றார். ஷபீகா என் கையை இறுக்கிப் பிடித்தாள். இன்னும் நாலைந்து எட்டுத்தான் இருந்தது.

அப்போது கேற்றடியிலிருந்து வலன்ரைன் விம்மினான். "ஐயோ, பாவம் மனுஷன்! ஆராவது பிடியுங்களன்!" என்று கத்தினான்.

அவர் நின்றார்.

நீட்டிய கை இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின. சட்டையை இழுத்துவிட்டார். முழங்கால் மண்ணைத் தட்டினார். வலன்ரைன் பதற்றத்தில் கேற்றைப் பிடித்து ஆட்டியதில் தகரம் கடகடத்தது. அந்தச் சத்தத்தை நோக்கி முகத்தைத் திருப்பி, நெஞ்சை நிமிர்த்தி, ஒழுங்கையில் நடக்கிற அதே நடையில் நேரே போனார். கேற்றுக்கு முன்னால் சரியாக நின்று கையை வைத்தார். கை கொளுக்கியிலேயே போய் விழுந்தது.

"என்னடாப்பா வலன்ரைன், ஏன் சத்தம் போடுறாய்? எனக்கு ஒண்டுமில்லை" என்றார்.

என் பின்னால் இன்ஸ்பெக்டர் சிகரெட்டைப் பற்றவைத்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். நான் முற்றத்தில் இருந்து கத்தினேன். "அவருக்குக் கண் தெரியாது! சத்தியமாய்த் தெரியாது!" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, "இஞ்சேர், மானத்தை வாங்காதையும்" என்றார்.

மத்தியானம் வாகனம் வந்தது. அவரை ஏற்றி எங்கே கொண்டுபோனார்கள் என்று பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஷபீகா இன்றுவரை வந்துபோகிறாள்.

அன்றைக்கு வாகனம் காலி வீதியில் திரும்பி மறைந்தபோது வலன்ரைன் என் பக்கத்தில் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிசம் நானே பயந்திட்டன், அக்கா" என்றான். "நல்லவேளை, ஐயாவுக்குக் கண் தெரியுது."