தொட்டி கழுவிய நாள்

தொட்டிக்குள்ளிருந்து வாளி மேலே வந்தது. அவள் குனிந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்து, கலங்கல் தண்ணீரை மொட்டைமாடியின் ஓரத்து ஓட்டைப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தாள்.

"மொத்தமா ஊத்திடாத, அடியில என்ன இருக்குன்னு பாரு" என்று உள்ளிருந்து கணவரின் குரல் வந்தது. சிமெண்டுச் சுவர்களில் மோதி, நாலு பேர் சேர்ந்து பேசுவதுபோல் கேட்டது.

வாளியின் அடியில் வழவழவென்று ஒரு விரல் உயரத்துக்கு மண்.

"வண்டல்! ஆறே இல்லாத வீட்டுல டெல்டா!"

முப்பத்திரண்டு வருடம் புவியியல் நடத்தியவர். ஓய்வுபெற்று எட்டு வருடமாகியும் பாடம் நிற்கவில்லை.

"டெல்டாவ விட்டுட்டு மேல ஏறி வாங்க. ஒன்றரை மணி நேரமாச்சு."

"இரு, இரு. மூலை பாக்கி இருக்கு."

சமையலில் உதவச் சொன்னால் உப்பு டப்பாவைத் தேடியே பொழுதைக் கழிப்பார். ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிக்குழாயைக் கழற்றி, உள்ளே அடைத்திருக்கும் கசடை வழித்தெடுக்கும்போது வாய்க்குள் பாட்டு வரும். மின்விசிறி இறக்கையின் மேல்பக்கம், ஃபிரிட்ஜின் பின்பக்கம், ஜன்னல் வலையின் இடுக்கு என்று யாரும் எட்டிப் பார்க்காத இடமெல்லாம் அவருக்கு வேண்டியது. தெருவில் அவரை 'குழாய் சார்' என்றுதான் சொன்னார்கள். அடைப்பு என்று யார் கூப்பிட்டாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே கிளம்புவார். "எல்லாரும் காத்து வாங்கப் பார்க்குக்குப் போறாங்க, இவர் சாக்கடைக்குப் போறாரு" என்று அவள் தங்கையிடம் சொல்லிச் சிரித்ததுண்டு. எல்லாவற்றுக்கும் மேல் அவருக்குத் தண்ணீர்த் தொட்டி. வருடத்துக்கு இரண்டு தடவை.

நான்கு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்தது. அதன்பிறகு வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில் அவளிடம் சத்தியம் வாங்காத குறைதான். "அவர் சொன்னா கேக்க மாட்டார்மா. தொட்டிக்குள்ள மட்டும் இறங்கவே கூடாது. ஆள் வெச்சுக்கோ." அவளும் ஆள் பேசினாள், சனிக்கிழமை காலை என்று. மகனிடமும் சொல்லிவைத்தாள்.

கணவர் அதைக் கேட்டு "ஓ" என்றார், அவ்வளவுதான். அடுத்த இரண்டு நாளும் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக் குழாய் சொட்டியபோதுகூட எழுந்துவரவில்லை. வெள்ளிக்கிழமை, அவர் குளிக்கப் போன நேரத்தில், அவள் தொட்டிக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றாள். குளித்துவிட்டு வந்தவரிடம், "நாளைக்கு நீங்களே பண்ணுங்க. நான் மேல நிக்கிறேன்" என்றாள். அவர் தலையைக்கூடத் துவட்டாமல் பழைய பல்தேய்க்கும் பிரஷ்களைத் தேடப் போய்விட்டார்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு அவர் மேலே ஏறி வந்தார். குளித்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னிக்குத்தான் ஒரு வேலை செஞ்ச மாதிரி இருக்கு. காபி குடேன்" என்றார். அவள் காபியோடு திரும்பியபோது தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் முதலில் டம்ளரை மேசையில் வைத்தாள், சிந்தாமல். பிறகுதான் அவர் தோளைத் தொட்டாள்.

மகனுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "தொட்டி ஆள் வரலையா?"

"வரல" என்றாள். அது பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் முடிந்தது. தெருக்காரர்கள் வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்து, குழாய் சார் தங்கள் வீட்டுக் குழாய்களிலிருந்து எடுத்துத் தந்ததையெல்லாம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு கம்மல், பொம்மையின் கை, இரண்டு முறை ஒரே வீட்டில் ஒரே கரண்டி. எதிர்வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்து மணிவாக்கில் எல்லாரும் போய்விட்டார்கள்.

அப்போதுதான் தொட்டிக்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை.

"இப்பதான்மா கேள்விப்பட்டேன். பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுல சொன்னாங்க."

"உக்காருங்க" என்றான் மகன். "அப்பாவுக்குப் பழக்கமா?"

"ரொம்ப இல்ல சார். நான் தொட்டி கழுவுற ஆளு."

மகன் அவரையே பார்த்தான். "சனிக்கிழமை வர்றேன்னு சொன்ன ஆளா?"

"ஆமா சார்."

"சொன்னா சொன்னபடி வரணும் இல்ல? நீங்க வந்திருந்தா எங்கப்பா ஏன் அதுக்குள்ள இறங்கப்போறாரு?" குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதிலும் அழுகை வரும்போது அவன் இப்படித்தான் மெதுவாகப் பேசுவான். "ஒரு மனுஷன் போயிட்டாருங்க."

தொட்டிக்காரர் அவளைப் பார்த்தார். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கிக்கொண்டார்.

"தப்புதான் சார்" என்றார்.

அவர் எழுந்து வாசல்வரை போய்விட்டார். ஒரு காலில் செருப்பையும் மாட்டிவிட்டார். அதுவரைக்கும் அவள் சும்மா இருந்தாள்.

"அவர் மேல தப்பில்லடா" என்றாள். "வர வேண்டாம்னு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்."

தொட்டிக்காரர் திரும்பிப் பார்க்காமல் மறு செருப்பையும் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மகன், "ஏம்மா?" என்றான்.

"ரெண்டு நாளா பேப்பர்ல ஒரே பக்கத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

அவன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டான். எதிர்வீட்டில் யாரோ துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இனி அவன் தன்னோடு பேசாமல் இருக்கலாம், கொஞ்ச நாளோ, ரொம்ப நாளோ என்று அவள் நினைத்தாள். சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

"உள்ள இருக்கும்போது கஷ்டப்பட்டாரா? மூச்சு வாங்கிச்சா?" முதுகைக் காட்டியபடியே கேட்டான்.

"இல்லடா. பேசிக்கிட்டே இருந்தாரு. நான் வாங்க வாங்கன்னு கத்துறேன், அவர் காதுலயே வாங்கல."

அவன் தலையசைத்தான்.

வாடகைக் கடை வண்டி ஆறு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். மகன் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான். அவசரத்தில் ஒன்று கோணலாக இறங்கி, கீழிருந்ததோடு இறுகிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான். உதறிப் பார்த்தான். வரவில்லை.

அவள் கையூன்றி எழுந்து போய், மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.