சம்மணம்

இடது முழங்கால் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. வலதுதான் மசியவில்லை. ஜெயசுதா துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மறுபடியும் அதன்மேல் போட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அமுக்கினாள். முழங்கால் அசையவில்லை. ஞானதுரையின் உடம்புதான் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தது. பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து மறுபடியும் சுவரோடு சேர்த்து வைத்தாள்.

"உட்டுருங்க்கா. மாஸ்டருக்கு வலிக்கப்போவுதுங்க" என்றார் வாசலில் நின்ற குருசாமி.

செத்தவருக்கு என்ன வலி என்று அவள் கேட்கவில்லை. அவருக்கு வலிக்கும் போலத்தான் அவளுக்கும் இருந்தது.

குருசாமி பக்கத்து வீட்டுக்காரர். தையல் மிஷின் பன்னிரண்டு போட்டு, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் எடுத்துச் செய்கிறவர். அவரிடம்தான் அவள் புருஷன் ஞானதுரை பத்தொன்பது வருஷம் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். காலையில் அவளுடைய அலறலைக் கேட்டு முதலில் ஓடிவந்தவரும் அவர்தான்.

"பதினோரு மணிக்கு பாஸ்டர் வந்திருவாவ. அதுக்குள்ள காலை நீட்டியாகணும்ணே" என்றாள்.

"நீட்டாட்டி என்னாவுதுங்க? எங்க சனத்துல இப்புடி உக்காந்தமேனிக்கு உசுரு போச்சுன்னா கையெடுத்துக் கும்புடுவாங்க. எத்தனை பேருக்குங்க கிடைக்கும் இது?"

"அதாண்ணே எனக்குப் பயமா இருக்கு."

ஏற்கெனவே எதிர்வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஊதுபத்தி கொளுத்தி வைத்து, மாஸ்டரின் மடித்த காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமியாரா போயிட்டாருங்க" என்று அழுதாள். நல்ல மனசோடுதான் செய்தாள். அவள் தலை மறைந்ததும் ஜெயசுதா ஊதுபத்தியை எடுத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் நனைத்து அணைத்தாள். இவர் சாமியாரும் இல்லை, ஒன்றும் இல்லை. சாத்தான்குளத்துப் பக்கம் மூன்று தலைமுறையாக வேதக்கோயில் மணியடித்த குடும்பத்துப் பிள்ளை.

நேற்று வெள்ளிக்கிழமை. சபையில் முழு இரவு ஜெபம். அவள் ஏழு மணிக்கே கிளம்பிப் போய்விட்டாள். விடியற்காலை ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோது அவர் வழக்கமான இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து, சம்மணமிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எப்போதும் நாலரைக்கு எழுந்து உட்காருகிறவர். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிடக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம். அவளுக்கு எரிச்சலாக வந்தது. இரவெல்லாம் தொண்டை கிழியக் கர்த்தரைக் கூப்பிட்டுவிட்டு வருகிறாள். இங்கே இவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினாள். டீ போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் டம்ளரை நங்கென்று வைத்தாள். "ஊரெல்லாம் முழங்கால்ல நிக்கி, இவிய மட்டும் யோகி" என்று காதில் விழும்படி சொன்னாள். பிறகு அதே அறையில் பாயை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனாள்.

எட்டரைக்கு எழுந்தபோது டீயில் ஆடை படர்ந்து கிடந்தது. "ஏங்க, கம்பெனிக்குப் போகலியா?" என்று தோளைத் தொட்டாள். சட்டைக்குள் இருந்தது மரக்கட்டை.

தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்து, முன்பு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த சீட்டையெல்லாம் புரட்டிவிட்டு, இதயம்தான் என்றார். "ராத்திரி பதினோரு மணி வாக்கில போயிருக்கும்மா." அப்படியானால் அவர் வழக்கமான காலை நேரத்தில் மட்டும் அல்ல, அவள் இல்லாத இரவிலும் உட்கார்ந்திருக்கிறார். அவள் மூன்று மணி நேரம் செத்த மனுஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அதே அறையில் தூங்கியிருக்கிறாள்.

சம்மணத்தில் பாவம் ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரியும். அவளும் சம்மணமிட்டுத்தான் காய் நறுக்குகிறாள். ஆனால் கதை அவ்வளவு சுலபம் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகன் ஜெபின் காலேஜ் விட்டு பைக்கில் வரும்போது பெருமாநல்லூர் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தான். அதன் பிறகு ஜெயசுதாவின் ஜெபம் உரத்துப்போனது. அவள் ஜெபித்தால் மைக் வேண்டாம் என்று சபையில் சொல்வார்கள். ஞானதுரைக்கு நேர்மாறு. அவளோடு முழங்காலில் நிற்பார், வாயைத் திறப்பார், ஒன்றும் வராது. ஒரு வருஷம் அப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் அவிநாசிக்குத் துணி எடுக்கப் போனவர், துணி நெய்யும் நிட்டிங் கம்பெனி திறக்கிறவரை கோயில் மண்டபத்தில் ஒதுங்கியிருக்கிறார். அங்கே ஒரு கிழவர் கண்ணை மூடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். எழுந்ததும் இவர், "என்ன வேண்டுனீங்க?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணும் வேண்டலீங்க" என்றாராம் அந்தக் கிழவர். வீட்டில் வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலையில் முழங்காலில் நிற்காமல் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இது அவிய வழி. நமக்கு எதுக்கு?" என்றாள் அவள்.

"மண்ணைப் பிசைஞ்சு மூச்சை ஊதுனாருன்னு படிக்கோம்லா சுதா. அந்த மூச்சுதான இப்பவும் உள்ள போயிட்டு வருது? அதைக் கவனிச்சா அவரைக் கவனிச்ச மாதிரிதான்."

"இயேசப்பா பேரையாவது சொல்லுதியளா, இல்லியா?"

"பக்கத்துல உக்காந்திருக்கவரைப் பேர் சொல்லியா கூப்புடுவாவ?"

வீட்டோடு நின்றிருந்தால் பாதகமில்லை. போன வருஷம் வேதபாட வகுப்பில் வாயை விட்டார். நானே வழி என்று ஆண்டவர் சொன்னாரே, அந்த நான் யார் என்று ஒவ்வொருத்தரும் தனக்குள்ளே போய்த் தேட வேண்டும், அங்கே அவர்தான் இருப்பார் என்றார். பின்வரிசையில் யாரோ, "அடுத்து திருநீறு பூசுவாரு" என்றார்கள். சபைக் கமிட்டி கூடியது. அவருக்கு நற்கருணையை நிறுத்திவைத்தது. மனந்திரும்பினால் மறுபடியும் சேர்த்துக்கொள்வோம், இல்லாவிட்டால் சாவுக்கும் சபை வராது என்று பாஸ்டர் இதே அறையில் உட்கார்ந்து சொன்னார். ஞானதுரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, டீ சாப்பிடுங்க பாஸ்டர் என்றார்.

சபையின் கல்லறைத் தோட்டத்தில் ஜெபினுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்துக்காகத்தான் ஜெயசுதா இந்த முழங்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வேறெங்கோ கொண்டுபோய் இவரை எரித்துவிட்டால், கடைசி நாளில் பிள்ளை உயிர்த்தெழுந்து பக்கத்தில் தேடும்போது அப்பா இருக்க மாட்டார். அவள் அதை அப்படியே நம்பினாள்.

பாஸ்டர் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதுக்காரர். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். கட்டிலில் கிடத்திய உடம்பின்மேல் கழுத்துவரை போர்வை. இடுப்புக்குக் கீழே அது கூடாரம் மாதிரி புடைத்திருந்தது.

"எப்படிம்மா போனார்?"

ஜெயசுதா குருசாமியைப் பார்க்கவில்லை. "ராத்திரி பதினோரு மணி வாக்கில முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டு இருந்திருக்காவ பாஸ்டர். அப்படியே சாஞ்சிட்டாவ. அதான் கால் மடங்கியிருக்கு."

பாஸ்டரின் கண் கலங்கிவிட்டது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. "நிஜமாவாம்மா?" என்றார். எழுந்து, ஞானதுரையின் நெற்றியில் கை வைத்து உடனே ஜெபிக்க ஆரம்பித்தார். நேற்று இரவு உமது மகள் கண்ணீரோடு கேட்டதை அந்த மணி நேரத்திலேயே நிறைவேற்றினீரே, ஸ்தோத்திரம் என்றார்.

உமது மகள் என்றது அவளைத்தான். நேற்று இரவு விண்ணப்ப நேரத்தில் அவள் முறை வந்தபோது மணி பதினொன்றுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். என் புருஷனை அந்த இருக்கையிலிருந்து எழுப்பும், உடைத்தாவது எழுப்பும் ஆண்டவரே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்டாள். சபை முழுவதும் கூடவே கை தட்டியது. தான் கேட்டதனாலா? எட்டு வருஷமாக ஒரு வார்த்தைக்கும் பதில் வராத இடத்திலிருந்து இதற்கு மட்டும் பதில் வந்ததா? அழுகைகூட வரவில்லை அவளுக்கு.

ஜெபம் முடிந்தது. பாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சு மணிக்கு அடக்கம் வெச்சிக்கலாம். ஜெபின் பக்கத்துலயே. ஆராதனையில நீங்களே சாட்சி சொல்லணும்மா. அவ்வளவு பிடிவாதமா இருந்த மனுஷன் கடைசியில முழங்கால்ல விழுந்தார்னு சொல்லுங்க. எத்தனை குடும்பத்துக்கு ஆறுதலா இருக்கும்."

கேட்டது கிடைத்துவிட்டது. இனி அவள் சும்மா இருந்தால் போதும்.

அவள் ஞானதுரையின் முகத்தைப் பார்த்தாள். எழுந்ததிலிருந்து மடங்கிய கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கட்டிங் டேபிளில் நாற்பது மடிப்புத் துணியை விரித்து, மிஷினை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் குனிந்து கவனிப்பாரே, அந்த முகம்தான். பயம் இல்லை, வலி இல்லை. யாரிடமும் தோற்றுப்போய் விழுந்த முகமும் இல்லை. முழங்காலில் விழுந்த மனுஷன் என்று இவரைச் சொல்லி அங்கே புதைத்தால், ஜெபின் பக்கத்தில் வேறு யாரையோ படுக்கவைத்த மாதிரி ஆகிவிடும். பிள்ளைக்கு அப்பாவைத் தெரியாதா?

"பாஸ்டர், நான் பொய் சொல்லிட்டேன்."

பாஸ்டர் திரும்பினார்.

"அவிய முழங்கால்ல நிக்கல. சம்மணம் போட்டுத்தான் இருந்தாவ. எப்பவும் போல." போர்வையை விலக்கிக் காட்டினாள். "காலையில இருந்து நீட்டிப் பாக்கேன். வர மாட்டேங்குது."

வெளியே ஏதோ ஒரு கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பாஸ்டர் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம இருந்திருக்கலாமேம்மா" என்றார் மெல்ல. "இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சே."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருபது நிமிஷம் தெருவில் நடந்து நடந்து பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. கமிட்டியோடு சண்டை போட்டிருப்பார் போலிருக்கிறது.

"இடம் குடுக்கச் சம்மதிச்சிட்டாங்க. பையன் பக்கத்துலதான். ஆனா மணி அடிக்க மாட்டாங்க. நான் அங்கி போட்டு வர முடியாது. பாட்டு, ஜெபம் எதுவும் சபை பேர்ல இருக்காதும்மா."

"ஜெபமே இல்லாமலா?"

"வீட்டுக்காரங்க நீங்க பண்ணிக்கலாம். அதுவரைக்கும்தான் கேட்டு வாங்க முடிஞ்சுது. மன்னிச்சிருங்க."

அவர் போனதும் ஜெயசுதா வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டினாள். ஈரமாக இருந்த இரண்டு முழங்கால்களையும் உலர்ந்த துண்டால் துடைத்தாள். "இனி யாரும் காலைத் தொட வேண்டாம்ணே. பெட்டியை அகலமாச் செய்யச் சொல்லுங்க" என்றாள்.

குருசாமி தனக்குக் கட்டிங் டேபிள் செய்து தரும் ஆசாரியை வரவழைத்தார். ஆசாரி முழங்காலுக்கு முழங்கால் அளந்தார், உயரம் அளந்தார். கேள்வி ஒன்றும் கேட்காமல் மூன்று மணிக்குள் சதுரமாக ஒரு பெட்டி செய்து கொண்டுவந்தார். ஊரிலிருந்து கிளம்பிய ஜெயசுதாவின் அண்ணன் திண்டுக்கல் தாண்டவில்லை. வெயிலில் உடம்பு தாங்காது என்பதால் காத்திருக்க முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கம்பெனி ஆட்கள், தோளில் நூல் துணுக்கோடு. சபையிலிருந்து பெண்கள் ஐந்து பேர், யார் கண்ணிலும் படக் கூடாது என்பதுபோல மரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். குழி வெட்டும் கன்னையன் வழக்கமான குழியை அகலப்படுத்தி அகலப்படுத்தி வேர்த்துப்போயிருந்தான். பெட்டியைக் கயிறு போட்டு இறக்கினார்கள். பிறகு எல்லோரும் ஜெயசுதாவைப் பார்த்தார்கள்.

வரும் வழியில் வேனில் அவள் ஜெபத்தைக் கோத்துவைத்திருந்தாள். அவரை மன்னியும் என்று ஆரம்பிப்பதா, என்னை மன்னியும் என்று ஆரம்பிப்பதா என்பதில் மட்டும் குழப்பம் இருந்தது. கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள். மரத்தடிப் பெண்கள் கூடச் சேர்ந்து சொல்வதற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஒன்றும் வரவில்லை. மன்னிக்க அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கும் எதுவும் மிஞ்சவில்லை. கொஞ்ச நேரம் திறந்த வாயோடு நின்றாள். பிறகு மூடிக்கொண்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அதற்குக் கீழே தன் மூச்சு மூக்கில் வந்து போவது கேட்டது.

நேரம் போயிற்று. யாரோ செருமினார்கள். ஆமென் சொன்ன பிறகுதான் மண் தள்ளுவது வழக்கம் என்பதால் கன்னையன் மண்வெட்டியைப் பிடித்தபடியே காத்திருந்தான். இருட்டுவதற்குள் மூடியாக வேண்டும். ஓர் எட்டு முன்னால் வந்தான்.

"முடிஞ்சுதுங்களாம்மா? மண்ணைத் தள்ளட்டுங்களா?"

ஜெயசுதா கண்ணைத் திறக்கவில்லை.

"இல்லண்ணே. ஜெபம் நடந்துக்கிட்டு இருக்கு."

கன்னையன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாருடைய உதடும் அசையவில்லை. மண்வெட்டியை மண்மேட்டில் சாய்த்துவைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.