கிணற்றுத் தெள்ளு

நெல்லிமேட்டில் சித்திரை பிறந்தால் பாதி ஊர் நொண்டும். மண்ணுக்குள் விளைந்து கிடக்கும் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பிடுங்க ஆள் வேண்டிய சமயம் அது. அந்தச் சமயம் பார்த்துத்தான் காலில் கொப்புளம் கிளம்பும். நெருப்பை வைத்தாற்போல் எரியும். உடைந்ததும் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். நரம்புச் சிலந்தி என்பார்கள் அதை. வெடுக்கென்று இழுத்தால் உள்ளேயே அறுந்து கால் வீங்கிப்போகும். அதனால் தீக்குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சமாக வெளியே எடுப்பார்கள். அதற்குள் வயலில் கடலை முளைவிட்டுவிடும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டிப்பாதையில் போக வேண்டிய அந்த ஊருக்கு, ஐம்பத்தேழாம் வருஷம் கோடையில், ஹெல்த் அசிஸ்டென்டாக வந்தான் சாம்பமூர்த்தி. அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறை உள்ள வீட்டுப் பிள்ளை. அண்ணன் மணியைப் பிடித்தான், தம்பி மைக்ராஸ்கோப்பைப் பிடித்தான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

முதல் தடவை புங்கமரத்தில் படத்தை மாட்டி, நோய் வரும் விதத்தை மனப்பாடமாக ஒப்பித்தான். புண்ணோடு ஊர்ப் படிக்கிணற்றில் இறங்குகிறவர் காலிலிருந்து புழுக்குஞ்சு தண்ணீரில் கலக்கிறது. அதைக் கண்ணுக்குத் தெரியாத தெள்ளுப்பூச்சி தின்கிறது. அந்தத் தண்ணீரை நாம் குடிக்கிறோம். ஒரு வருஷம் கழித்துக் காலில் சிலந்தி வருகிறது.

வேப்பிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த சடையன் கையைத் தூக்கினான். ரெண்டு ஏக்கர் கடலைக்காரன், வாயாடி.

"போன வருஷம் குடிச்ச தண்ணி இந்த வருஷம் கால்ல வருதுன்றீங்களா சாமி? நேத்து குடிச்சதே இன்னிக்கு வயித்துல நிக்கமாட்டேன்னுது!"

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பாட்டி, "உங்கப்பாரு கற்பூரம் காட்டறாரு. நீ வந்து புழுவைக் காட்டறியே, ராசா" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். சாம்பமூர்த்தி படத்தைச் சுருட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கு நடந்து பஸ் ஏறினான்.

இரண்டாம் தடவை படத்தைக் கொண்டுபோகவில்லை. மைக்ராஸ்கோப் பெட்டியோடு பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டான். சடையன் வீட்டில் காலை மடியில் வைத்துத் துடைத்தபோது சடையனுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"காலைப் போயி தொடறீங்களே, சாமி. வாணாம்."

"காலை வுட்டுட்டு எங்க கட்டறது? சும்மா இருங்க."

சடையன் காலைத் தளரவிட்டான். பிறகு தானாகவே சொன்னான்: "எங்க தலையெழுத்துங்க இது. நயினார் தெருவுல பாருங்க, ஒருத்தருக்கும் வராது. அவங்க புண்ணியம் ஜாஸ்தி பண்ணவங்க."

சாம்பமூர்த்தியின் கை நின்றது. "அவங்களுக்குத் தண்ணி எங்கேர்ந்து?"

"அதே படிக்கெணறுதான். வேற எங்க கீது?"

நயினார் தெரு என்பது ஏழெட்டு ஜைனக் குடும்பங்கள் இருந்த தெரு. எல்லாரும் விவசாயிகள்தான். முதல் வீடு தரணேந்திர நயினாருடையது. அவர் மனைவி தர்மதேவி அப்போதுதான் குடத்தை இறக்கியிருந்தாள். இன்னொரு குடத்தின் வாயில் கெட்டித் துணியை ரெண்டாக மடித்துக் கட்டி, தண்ணீரை மெதுவாகச் சாய்த்தாள். வடிந்து முடிந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு, வடிகட்டிய தண்ணீரையே அதன்மேல் விட்டு ஒரு செம்பில் அலசினாள்.

"அந்தச் செம்புத் தண்ணிய என்னம்மா பண்ணுவீங்க?"

"கெணத்துல கொண்டுபோய் வுட்டுடுவோம், தம்பி. துணியில தங்கின உயிரெல்லாம் அதுலதானே பொழைக்கும்?"

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"அதுங்க நம்ம கண்ணுக்கெங்க தெரியுது? இருக்குதுன்னு நம்பிக்கைதான்."

அதில் ஒரு சொட்டுக் கேட்டான். அவள் செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கொன்னுடுவீங்களா?"

"மாட்டேன்மா. பாத்துட்டு உங்க கையிலயே குடுத்துடறேன்."

முற்றத்து வெயிலில் மைக்ராஸ்கோப்பை வைத்தான். குழிவிழுந்த கண்ணாடியில் சொட்டை விட்டு, அடியிலிருந்த ஆடியைத் திருப்பி வெளிச்சம் பிடித்தான். அவன் தேடியது தெரிந்தது. ஆனாலும் வாய் திறக்காமல் எழுந்து அவளுக்கு இடம்விட்டான்.

தர்மதேவி ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"வாலை ஆட்டிக்கினு குதிக்குது, தம்பி. ரெண்டு பையில முட்டை வேற சுமக்குது. கல்யாணம் ஆயி வந்த நாளா வடிகட்டறேன். இதுங்களையா இத்தனை நாளும் காப்பாத்தினேன்?"

"நீங்க அதைக் காப்பாத்தினீங்கம்மா. அதனால உங்க தெருவுக்கு வியாதி வரல." நோயைச் சுமக்கிற அந்தப் பூச்சி துணியோடு நின்றுவிடுகிறது, வயிற்றுக்குள் போவதில்லை என்று விவரம் சொன்னான்.

அவள் முகம் வாடிவிட்டது. "அப்போ இதைக் கொல்லணும்னு வந்திருக்கீங்களா?"

கிணற்றில் மருந்து போடச் சொல்லி எழுத வேண்டும் என்று வரும்போது நினைத்திருந்ததுதான். அவள் கேட்ட பிறகு யோசித்துப் பதில் சொன்னான்: "அந்தப் பூச்சி மேல ஒரு குத்தமும் இல்லம்மா. வியாதி நம்ம கால்லேர்ந்துதான் அதுக்குப் போவுது. புண்ணோட யாரும் எறங்கலேன்னா போதும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கண்ணாடியிலிருந்த சொட்டைச் செம்பிலேயே விட்டுக் கொடுத்தான். அவள் அதைக் கிணற்றில் சேர்த்துவிட்டு வந்து, "பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடுங்க, அதுக்கப்புறம் எங்க வீட்ல அடுப்பு எரியாது" என்று இலை போட்டாள்.

மறுநாள் காலையில் சாம்பமூர்த்தி மைக்ராஸ்கோப்பைக் கிணற்றங்கரையில் வைத்தபோது அவளே அங்கே வந்தாள். "வந்து பாருங்கடி, நாம குடிக்கிற தண்ணியில இன்னா இருக்குதுன்னு" என்று பெண்களைக் கூப்பிட்டாள். படம் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது வரிசையில் நின்றார்கள். பார்த்துவிட்டு ஒருத்தி குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தே விட்டாள்.

சடையன் மட்டும் விடவில்லை. "பூச்சி கீது, ஒத்துக்கறேன். என் கால்லேர்ந்து அதுக்கு வியாதி போவுதுன்றதை எப்படி நம்பறது?"

"காலை நீட்டுங்க."

கிணற்றிலிருந்து எட்ட உட்காரவைத்து, புண்மேல் சில்லென்று தண்ணீர் விட்டான் சாம்பமூர்த்தி. பால் மாதிரி கொஞ்சம் கசிந்தது. அதைக் கண்ணாடியில் எடுத்து வைத்தான். சடையன் எட்டிப் பார்த்தான். கண்ணுக்கு அடங்காத புழுக்குஞ்சுக் கூட்டம், நெளிந்து துடித்துக்கொண்டு.

அவன் வாயாடித்தனம் எங்கோ போய்விட்டது. "தெனம் இந்தக் கெணத்துல எறங்கி, எரிச்சலுக்குக் காலை முக்கிக்கினு உக்காருவேன். நான்தான் ஊருக்கே குடுத்தேனா, சாமி?"

"தெரிஞ்சா பண்ணீங்க? உங்களுக்கும் யாரோ தெரியாமத்தான் குடுத்தாங்க. இனிமே தெரியும் இல்ல?"

அன்று சாயங்காலமே சடையன் கயிறும் வாளியுமாகக் கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்தான். படியில் கால் வைக்கப்போனவர்களை அதட்டினான்: "புண்ணு இருந்தா எறங்காத! குடத்தை வெச்சுட்டு நில்லு, நான் சேந்தித் தர்றேன்." தர்மதேவி வீடு வீடாகப் போய்த் துணி மடிக்கக் கற்றுக்கொடுத்தாள். செம்புத் தண்ணீரைத் திருப்பி விடும் வேலையைச் சிலர் செய்தார்கள், சிலர் செய்யவில்லை. அவள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மழைக்கு முன்னால் ஊரே கூடிப் படியை அடைத்துச் சுவர் எழுப்பி, ராட்டினம் மாட்டியது.

அடுத்த சித்திரையில் நொண்டியவர்கள் கம்மி. அதற்கடுத்த சித்திரையில் ஒருவரும் இல்லை.

அந்த வருஷம் வைகாசியில் ஒருநாள், திருவண்ணாமலையில் சாம்பமூர்த்தி வீட்டு வாசலில் ஒரு மூட்டை மல்லாட்டை இறங்கியது. சடையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தான்.

"பஸ்ஸுல வரக்கூடாதா?"

"நடக்கணும்னு ஆசையா இருந்துச்சு, சாமி." காலைத் தூக்கித் தழும்பைக் காட்டிச் சிரித்தான். "பாதியை அவங்களுக்குத்தான் குடுத்தேன், நயினாரூட்டம்மாவுக்கு. 'நான் இன்னா பண்ணேன், கண்ணுல காமிச்சது அந்தத் தம்பி'ன்னு மொதல்ல வாங்கவே மாட்டேன்னாங்க."

சாம்பமூர்த்தி மூட்டையைத் திண்ணைக்கு நகர்த்தினான். "நான் காமிச்சேனா? முதல் நாள் நீங்க எல்லாரும் சிரிச்சீங்களே, அதோட நான் ஓடியிருக்கணும். நீங்க காலை நீட்டினீங்க. அவங்க செம்பைக் குடுத்தாங்க. நான்தான் உங்க ஊருக்குக் கையெடுக்கணும், சடையன்."

"ஐயையோ, இன்னா சாமி இது" என்று சடையன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

மனைவி மங்களாம்பிகை கடலையை உப்புப் போட்டு வேகவைத்துத் தட்டில் கொண்டுவந்தாள். ரெண்டு பேரும் உடைத்துத் தின்றார்கள். தின்றுகொண்டே சடையன் சொன்னான்: "எங்க தங்கச்சிய குடுத்திருக்கற ஊர்ல இன்னும் கீதாம், இந்தச் சிலந்தி. நீங்க அந்தப் படத்தை மாட்டாதீங்க. நான் வந்து பேசறேன். நீங்க அந்தப் பூச்சி பாக்கற கண்ணாடிய மட்டும் எடுத்துக்கினு வாங்க. எப்ப போலாம்?"

"நாளைக்கே போலாம்" என்றான் சாம்பமூர்த்தி.