ஒன்பதாவது வரி

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட தட்டுகளை எடுத்த கையோடு மனைவி கோடு போட்ட தாள் ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"உங்க தங்கச்சிக்கு எழுதி வைங்க. ரெண்டு நாளும் பிள்ளைங்களுக்கு என்னென்ன செய்யணும்னு. இதையாவது நீங்க செய்யுங்க."

அந்த 'இதையாவது' என்னை உறுத்தவில்லை. இப்படி எழுதிவைப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. குடிநீர் ஏற்றும் நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முடியும்போது அடுத்து வருபவருக்காகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் கிளம்புவேன். இரண்டாவது மோட்டார் சூடேறினால் எப்படி முனகும், எந்த வால்வை எத்தனை சுற்றோடு நிறுத்த வேண்டும், எல்லாம். "நீ எழுதினதைப் படிச்சா கண்ணை மூடிக்கிட்டே ஸ்டேஷனை ஓட்டலாம்பா" என்பான், எனக்கு அடுத்த ஷிப்டுக்கு வருபவன்; மீசை என்றுதான் அவனைக் கூப்பிடுவோம்.

சனிக்கிழமை நானும் மனைவியும் மட்டும் கிளம்புகிறோம்; தங்கை வந்து பிள்ளைகளோடு இருப்பாள். ரயிலில் நான்கு மணி நேரம். பெரிய நகரத்தில், எட்டாவது மாடியில் ஓர் அறை. கல்யாணமான புதிதில் பேசிக்கொண்ட பயணம் இது. இந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை திட்டம் போட்டு, மூன்று முறையும் கடைசி நேரத்தில் அவள்தான் வேண்டாம் என்றாள். ஒரு முறை சின்னவனுக்கு இருமல், ஒரு முறை பெரியவளுக்குப் பரீட்சை, போன வருடம் காரணமே சொல்லவில்லை. "பிள்ளைங்க உன்னை விட்டாலும் நீ அவங்களை விடமாட்ட" என்று தங்கை முன்னாலேயே அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். இந்த முறை அவளே டிக்கெட் எடுக்கச் சொன்னாள். அங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டதற்கு, "ஒன்பது மணி வரைக்கும் தூங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

அவள் துவைத்த துணிகளோடு மொட்டைமாடிக்குப் போனபின் எழுத உட்கார்ந்தேன். ஒன்று, ஏழு மணிக்கு எழுப்ப வேண்டும். இரண்டு, பல் துலக்கிய பின் பால். அங்கே பேனா நின்றது. இரண்டு பேரில் யார் சர்க்கரை இல்லாமல் குடிப்பது? யோசித்தேன். மூன்றாவது வரி என்னவென்று யோசித்தேன். ஐந்து மோட்டார்களின் முனகலையும் தூக்கத்தில் பிரித்துச் சொல்லக்கூடியவனுக்கு அடுத்த வரி வரவில்லை. பெரியவளைக் கூப்பிட்டேன். பத்து வயது.

"அப்பா, அவன் பால் குடிக்கிறதை விட்டு ஒரு வருஷமாச்சு" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவன் குளிக்கும்போது கதவைத் தாழிடக் கூடாது, பயப்படுவான். முடி வாரும்போது இடது காதைத் தொடக் கூடாது. எட்டு வரிகள் ஆயின. ஒன்பது என்று போட்டு நிமிர்ந்தேன். அவள் மாடிப்படியைப் பார்த்தாள்.

"ஒன்பது வேண்டாம்பா. அதை நானே பாத்துக்கறேன்."

"எதை?"

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம், அந்த அறை மட்டும் பூட்டியிருக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மாடிக்கு ஏறினேன். முன்கொடியில் பெரிய போர்வைகள். அவற்றுக்குப் பின்னால், படியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, சின்னவனின் விரிப்பும் நீல நிற ரப்பர் ஷீட்டும் காய்ந்துகொண்டிருந்தன. மனைவி கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, அவனுக்கு ஐந்து வயது. மீசையும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "ஸ்டேஷன்ல எல்லா வால்வையும் அடைச்சுடுவேன்பா. எங்க வீட்டு வால்வு ஒண்ணைத்தான் அடைக்க முடியல. தினமும் படுக்கைல லீக்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பிஸ்கட் தட்டோடு வாசல் திரை அருகில் நின்றிருந்தான். தட்டை என் முன்னால் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனான். அடுத்த வாரம் கேட்டபோது, நின்றுவிட்டது என்றாள் மனைவி. என் ஒரு வார்த்தையில் சரியாகிவிட்டது என்று மீசையிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவனும் தன் மகனிடம் அப்படிச் சொல்லிப் பார்க்கப்போவதாகச் சொன்னான்.

"நிக்கவே இல்லையா?"

"இல்லைங்க."

காற்றில் ரப்பர் ஷீட் படபடத்தது. இருமல், பரீட்சை, சொல்லாத காரணம், மூன்றும் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கின.

"அஞ்சு மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போனா முக்காவாசி நாள் தப்பிச்சுக்கறான். அலாரம் வெச்சு நான் எழுப்பறேன்மான்னு பெரியவ சொன்னா. அதனாலதான் டிக்கெட் எடுக்கச் சொன்னேன்" என்றாள்.

"நான் அவன்கிட்ட பேசறேன். அன்னிக்குச் சொன்னது தப்புன்னு..."

"வேண்டாம்." அவள் குரல் உயரவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான். அப்பாவுக்கு என்னைப் பத்திப் பெருமைன்னு நினைச்சுட்டிருக்கான். அதையாவது விட்டு வைங்க."

மன்னிப்புக் கேட்டால் என் மனம் லேசாகும். ஆனால் அந்தக் கனத்தை அவன் தலையில் வைப்பேன். கீழே வந்து தாளை மடித்தேன். ஒன்பது என்ற எண் மட்டும், பக்கத்தில் ஒன்றுமில்லாமல், அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை எனக்குப் பகல் ஷிப்ட் என்பதால் விடியும்போது வீட்டில் இருந்தேன். ஐந்து மணிக்கு எழப்போன மனைவியின் தோளைத் தொட்டு, "நீ தூங்கு" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "லைட் போடாதீங்க. பேசாதீங்க. கையைப் பிடிச்சா அவனே வருவான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

பிள்ளைகளின் அறையில் ஜன்னல் மட்டும் லேசாக வெளுத்திருந்தது. சின்னவனின் படுக்கையைத் தடவினேன், உலர்ந்திருந்தது. அவன் கையை எடுத்தேன். கண்ணைத் திறக்காமலே எழுந்து என்னோடு நடந்தான். "அம்மா" என்றான். நான் பதில் சொல்லவில்லை. என் செருப்பில்லாத கால்களின் ஓசைகூட எனக்குப் பயமாக இருந்தது.

குளியலறைக் கதவுக்கு இரண்டடி இருக்கும்போது அவன் கட்டைவிரல் என் உள்ளங்கையில் ஊர்ந்தது. வால்வுச் சக்கரம் திருப்பித் திருப்பிக் காய்த்துப்போன இடத்தில் போய் நின்றது. அதை ஒரு முறை தடவியது. அவன் நடை நின்றது.

நானும் நின்றேன். இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. அவன் கை என் கையை உதறவும் இல்லை, இறுக்கவும் இல்லை. உள்ளே, சரியாக மூடாத குழாயிலிருந்து நீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.