எரியக் கூடாத சிவப்பு

நீண்ட பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முந்திய நாளாகப் பார்த்து ஆய்வுகூடத்தின் புற ஊதா விளக்கு கண்ணை மூடியது. ஆராய்ச்சி மாணவி நிருஷா அதைத் தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், பிளக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். புதுப் பல்பு எப்போது வரும் என்று பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியாது. மற்றக் கருவிகள் இருந்த அறையைப் பூட்டிச் சாவியோடு ஊருக்குப் போயிருந்தார் பொறுப்பாளர். அவள் கையில் சுண்டுவிரல் அளவு கண்ணாடிப் போத்தல் ஒன்று இருந்தது. உள்ளே ஒயின் நிறத் திரவம். அது தேறியதா இல்லையா என்பதை இப்போதைக்கு அந்த விளக்குதான் சொல்லியிருக்க வேண்டும்.

திரவத்தில் இருந்தது பொர்பிரின். நாலு சின்ன வளையங்கள் கைகோத்து நின்று ஒரு பெரிய வளையமாகும் மூலக்கூறு அது. நடுவில் ஓர் ஓட்டை. இந்த வளையத்தின் உறவினர்கள்தான் இலையிலும் இரத்தத்திலும் இருக்கிறார்கள். நடுவில் மக்னீசியம் உட்கார்ந்தது இலைக்குப் பச்சை தருகிறது, இரும்பு உட்கார்ந்தது இரத்தத்துக்குச் சிவப்புத் தருகிறது. நிருஷா அங்கே கோபால்ட்டை உட்கார வைக்கப் பல மாதங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்படி உட்கார்ந்துவிட்டால், காற்றிலுள்ள ஒட்சிசனை மின்வாயில் இலத்திரன்களை வாங்கவைக்கும் ஊக்கியாக அது வேலை செய்யும். பிளாட்டினம் இந்த வேலையை நன்றாகச் செய்யும்தான். ஆனால் பிளாட்டினத்தில் மின்கலம் செய்தால் அதை நகைக்கடையில்தான் விற்க வேண்டும்.

"எங்கட முக்தார் மாமாட்ட டோர்ச் ஈக்கி" என்றாள் அக்ஸா. ஒரே மேசையில் வேலை செய்யும் தோழி, மாவனல்லைக்காரி. "ரத்தினபுரியில கல் யாவாரம். மாணிக்கம் பாக்கிற அதே ஊதா வெளிச்சம். ஒங்கட வீட்டுக்குப் போற வழிதானே?"

நிருஷாவின் வீடு இரத்தினபுரிக்குப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் இருந்தது. விடுமுறைக்கு அங்கேதான் போகவிருந்தாள். போத்தலை இறுக மூடி, பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, இருவரும் பஸ் ஏறினார்கள்.

முக்தாரின் கடை ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு தராசு, அவ்வளவுதான். அன்று அங்கே ஸப்வான் என்ற ஏற்றுமதிக்காரர் கல் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மகள், வாங்க. அக்ஸா போன்ல செல்லிச்சி. டோர்ச் தானே?" என்று எழுந்தார் முக்தார். "கதவச் சாத்துங்க. திரைய இழுங்க. ஃபேன நிப்பாட்டுங்க."

"ஃபேன் எதுக்கு மாமா?"

"ஒரு மரியாதைக்கு."

இருட்டில் டோர்ச் கிளிக் என்றது. போத்தல் அடுப்புத் தணல் போலச் சிவந்தது. சுவரெல்லாம் மெல்லிய சிவப்பு. முக்தார் "மாஷா அல்லாஹ்" என்றார். ஸப்வான் கதிரையோடு முன்னால் நகர்ந்தார்.

"ஐயோ, போச்சு" என்றாள் நிருஷா.

முக்தார் விளக்கைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "கல் இப்பிடி எரிஞ்சா எங்களுக்குப் பெருநாள். ஒங்களுக்கு மட்டும் என்ன மய்யித்து வீடு?"

"இது எரியக் கூடாதுங்க மாமா. வளையம் காலியா இருந்தாத்தான் இப்படிச் செவப்பா எரியும். கோபால்ட் உள்ள போயிருந்தா வெளிச்சத்த அமுக்கிரும். இதுல இன்னும் காலி வளையம் நெறையக் கெடக்கு."

"அந்தக் கோபால்ட் உள்ளுக்குப் பெய்த்து என்ன செய்யும்?"

அக்ஸா முந்திக்கொண்டாள். "புரோக்கர் வேல மாமா. ஒட்சிசனையும் இலத்திரனையும் ஒண்டாக்கி உடும். யாவாரம் முடிஞ்சா ரெண்டு பேரும் போயிருவாங்க. அது அப்பிடியே நிண்டு அடுத்த ஆளப் புடிக்கும். கமிஷன் ஒண்டும் இல்ல."

"கமிஷன் எடுக்காத புரோக்கரா?" முக்தார் கையை விரித்தார். "ரத்தினபுரியில அப்பிடி ஒருத்தன நான் கண்டதே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஸப்வான் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைப் போத்தலிலிருந்து எடுக்காமல், "எந்தத் தோட்டம் மகள் நீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். நிருஷாவும் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் தொழிலாளர் லயத்து வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. தோட்டத்தில் சிவப்புக் கல் கிடைத்ததாம் என்ற பேச்சு இரவோடு இரவாக இரத்தினபுரி முழுக்கப் பரவியிருந்தது. பின்னால் ஒரு வேன். அதற்குப் பின்னால் ஒரு முச்சக்கரவண்டி, அதற்குள் ஐந்து பேர். சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி எல்லோரும் இறங்கி வரிசையாகச் சிரித்தார்கள். ஒரு சிங்கள வியாபாரி குரலைத் தாழ்த்தி, "நங்கி, கல பென்னன்ன" என்றார். கல்லைக் காட்டு தங்கச்சி என்கிறார். அது கல்லே இல்லை, படிப்புக்காகச் செய்த மருந்து என்று நிருஷா சிங்களத்தில் விளக்கினாள். அவர் எல்லாம் புரிந்தவராகக் கண்ணடித்தார்.

நிருஷாவின் அம்மா திரேசா றப்பர் மரங்களில் பால்வெட்டை முடித்து வாளியோடு வந்தபோது வீட்டில் உட்கார இடமில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் பக்கத்து வீட்டுக் கோப்பைகளையும் வாங்க வேண்டியதாயிற்று. கூட்டம் கலைந்ததும் மகளைக் குசினிக்குள் இழுத்தாள்.

"என்னடி நடக்குது? என்னாத்தக் கொண்டாந்து வச்சிருக்க?"

"அம்மா, நான் ஒரு வளையம் செஞ்சிருக்கேன். அதுக்குள்ள கோபால்ட்ட வைக்கணும். வச்சுட்டேன்னு நெனச்சேன். சரியா உக்காரல."

திரேசா கையிலிருந்த கோப்பையை மெதுவாக வைத்தாள். "வளையமா? மோதிரமா? அப்புடின்னா மாத்துற வரைக்கும் போயிருச்சா? யாருடி அந்தக் கோபாலு? வேதக்காரப் பையனா?"

நிருஷா சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. கோபால் இல்லை, கோபால்ட், அது ஓர் உலோகம் என்று விளங்கவைத்த பிறகும் திரேசாவின் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் மிச்சமிருந்தது.

சிரிப்பு அன்றைக்கே முடிந்துபோயிற்று. விடுமுறை முடிவதற்குள் தோட்டம் முழுக்கத் தோண்ட ஆரம்பித்துவிட்டது. லயத்துக்குப் பின்னாலுள்ள கழிவுநீர்க் கான், ஆற்றோரம், புதிதாக றப்பர்க் கன்று நட்ட மலை எல்லாவற்றிலும் மண்வெட்டிச் சத்தம். வெளிவேலைகளுக்குப் பொறுப்பான கண்டக்கையா மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார்.

"திரேசா, ஒன் மக கல்லு எடுத்தாளாமே? எங்க எடுத்தா?"

"எடுக்கலைங்கையா. அது மருந்துங்க."

"மருந்துன்னு நான் தொரைகிட்டப் போய்ச் சொல்ல முடியுமா? கன்னுக்கு அடியிலயே தோண்டுறானுங்க. இப்புடியே போனா மொதல்ல என் வேல போகும், அப்புறம் ஒன் பேரு வெட்டுல இருந்து போகும்."

நிருஷா வாசலுக்கு வந்தாள். தான் செய்யாத ஒரு மாணிக்கத்துக்காக அம்மாவின் வேலை போவதா?

"ஐயா, வர்ற ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கோயில் மண்டபத்துல எல்லார் முன்னாடியும் காட்டுறேன்" என்றாள். "கல்லு வேணுங்கிறவங்க எல்லாரும் வரட்டும். அதுவரைக்கும் மண்வெட்டியக் கீழ போடச் சொல்லுங்க."

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் தன் மேற்பார்வையாளர் ரெஜினோல்ட் சேரிடம் நடந்ததைச் சொன்னாள். முதலில் போத்தலை ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுபோனதற்கு ஒரு முறை முறைத்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். நிமிர்ந்து, "கோபால்ட் உப்பை இந்தத் தரம் தாராளமாப் போடுங்க, நிருஷா. நீங்க ஆரம்பத்துல இருந்தே கஞ்சத்தனமாப் போடுறீங்க. கூடினத அப்புறம் கழுவி எடுத்துரலாம். கொழும்பில ஊக்கியச் சோதிக்கிற மெஷின் நமக்குத் தந்திருக்கிறது அடுத்த திங்கள்தான். தவறவிட்டா எப்ப கிடைக்குமோ தெரியாது" என்றார்.

நிருஷா தாராளமாகவே போட்டாள். அக்ஸாவும் அவளும் மாறி மாறிக் காவலிருந்து சூடாக்கினார்கள், ஆறவிட்டார்கள், வடித்தார்கள், கழுவினார்கள். தூள் அழகாகத்தான் வந்தது. ஆனால் போன முறையும் அழகாகத்தான் வந்திருந்தது. கருவி அறையின் பொறுப்பாளர் விடுமுறையை நீட்டிவிட்டார். டோர்ச்சோ முக்தாரிடம். தூளில் சிட்டிகையளவு கரைத்து ஒரு புதுப் போத்தலில் அடைத்து, சேர் தலையாட்டிய பிறகே அதைக் கையிலெடுத்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலேதான் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்தாள்.

அன்று பூசைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துப் பாதிரியாரே திகைத்துப் போனார். பூசை முடிந்ததும் திரேசா மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி முழங்காலில் இருந்தாள். நிருஷா குனிந்து காதுக்குள் சொன்னாள்.

"அம்மா, எரியக் கூடாதுன்னு வேண்டுங்க. மறந்து மாத்தி வேண்டிராதீங்க."

"மெழுகுவத்தியக் கொளுத்தி வச்சுட்டு எரியக் கூடாதுன்னு எப்புடிடி வேண்டுறது? மாதா கொழம்பிப் போக மாட்டாங்களா?"

மண்டபத்தின் சன்னல்களில் சாக்குத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். முக்தார் டோர்ச்சோடும் அக்ஸாவோடும் வந்திருந்தார். முன் வரிசையில் ஸப்வான், சட்டைப் பையில் லென்ஸ். கண்டக்கையா கையைக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றார். நிருஷா இரண்டு போத்தல்களைக் குலுக்கி, உள்ளே தண்ணியாகத் தளும்புவதைக் காட்டிவிட்டு மேசையில் வைத்தாள்.

"இது போன வாரம் எரிஞ்சது. இது புதுசு. ரெண்டும் நான் ஆய்வுகூடத்துல காய்ச்சினது. இந்தத் தோட்டத்து மண்ணுல இருந்து எடுத்ததில்ல."

சாக்குகளை இழுத்துவிட்டார்கள். முக்தார் பழைய போத்தலில் வெளிச்சத்தை அடித்தார். தணல் சிவப்பு. மண்டபம் ஆஆ என்றது. பின்வரிசையில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"இப்ப புதுசு" என்றாள் நிருஷா. மண்டபம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளி வேண்டி நின்றது. இருட்டை வேண்டி நின்றவர்கள் மூன்று பேர்தான். அதில் ஒருத்தி தான் எதை வேண்டுகிறோம் என்று இன்னும் நிச்சயமில்லாமல் இருந்தாள்.

டோர்ச் கிளிக் என்றது. ஒன்றும் நடக்கவில்லை.

முக்தார் டோர்ச்சைத் தட்டினார். பழைய போத்தலுக்குக் காட்டினார், எரிந்தது. புதியதற்குக் காட்டினார், கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி வெளிச்சம் உள்ளே போய்க் காணாமல் போனது. பக்கவாட்டில் காட்டினார், கீழிருந்து காட்டினார். இருட்டு.

மண்டபம் ஒரே குரலில் "ச்சே" என்றது. அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள் மேசைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளினார்கள். "போயிருச்சு! முழுசா உள்ள போயிருச்சு!" என்று நிருஷா கத்தினாள். சாக்கை விலக்கியதும், இழவு வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் லொத்தர்ப் பரிசு விழுந்த மாதிரி இருந்தது அந்தக் காட்சி.

கண்டக்கையா தொண்டையைச் செருமினார். "காய்ச்சினதுன்னு எல்லாரும் பாத்தீங்கதானே? இனி எவனாவது கன்னுக்கு அடியில மண்வெட்டி வச்சா நானே தொரைகிட்டக் கூட்டிட்டுப் போவேன். பொழுது சாயுறதுக்குள்ள குழியெல்லாம் மூடணும்." பிறகு திரேசாவின் பக்கம் திரும்பி, "நீ நாளைக்கு வழக்கம்போல வெட்டுக்கு வந்துரு" என்றார். திரேசா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

ஸப்வான் நிருஷாவிடம் வந்தார். அவர் கண்களில் உண்மையான துக்கம் இருந்தது. "மனசு உட்டுராதீங்க மகள். அடுத்த முறை எரியும். நான் துஆ செய்றேன்."

"வேணாங்க!" என்று அலறினாள் நிருஷா. "தயவுசெஞ்சு வேணாங்க!"

அடுத்த நாள் கொழும்பில், குளிரூட்டிய சின்ன அறையொன்றில், கறுப்பு மையில் கலந்த கோபால்ட் பொர்பிரினை ஒரு துளி எடுத்துப் பென்சில் முனை அளவுள்ள கார்பன் மின்வாயின்மேல் நிருஷா வைத்தாள். அது காய்ந்ததும் கரைசலுக்குள் இறக்கி, ஒட்சிசனைக் குமிழவிட்டாள். அக்ஸா கணினியைத் தொட்டாள். திரையில் ஒரு கோடு நேராக நடந்து வந்தது. சற்று முன் சோதித்த வெறும் கார்பனின் கோடு வெகுதூரம் போனபிறகே வளைந்திருந்தது. இந்தக் கோடு அதற்கு நன்றாக முன்னாலேயே சட்டெனச் சரிந்தது. ஒட்சிசன் இலத்திரன்களை வாங்க ஆரம்பித்துவிட்டது.

ரெஜினோல்ட் சேர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தரம்" என்றார். அதேதான் வந்தது. "இன்னொரு தரம்." வந்தது, ஆனால் கொஞ்சம் தளர்ந்து. அதற்கடுத்த முறை இன்னும் தளர்ந்தது.

"கழன்று வருது" என்றார் சேர். "வேலை செய்யுது, ஆனா ஒட்டி நிக்குதில்ல. அத எப்படிப் பிடிச்சு நிறுத்துறதுங்கிறதுதான் உங்கட அடுத்த வருஷம்."

அக்ஸா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். நிருஷாவுக்கு அப்படித் தோன்றவில்லை. தளர்ந்த கோட்டுக்கு மேலே முதல் கோடு திரையில் அப்படியே நின்றது. அவள் மின்வாயை வெளியே எடுத்துக் கழுவினாள். மெருகேற்றும் வெள்ளைப் பொடி தூவிய துணியில் அதை நிமிர்த்தி வைத்து, அடுத்த துளிக்காக எட்டுப் போட்டு எட்டுப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்க்கத் தேய்க்க வாய் தானாக ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தது.