முதல் காளாஞ்சியும் பின்வளவுக் கதவும்

அன்று கோயில் அலுவலக அறையில் இருந்தவர்கள்: தலைவர் பாலேந்திரன், செயலாளர் பவதாரணி, சபாபதிக் குருக்கள், பழைய உபயகாரர் மகேஸ்வரன், விருந்தாளியாக அழைக்கப்பட்ட வெரேனா.

வெரேனா யெனிஷ் இனத்தவர். சக்கர வீடுகளில் ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் அந்த மக்கள் சுவிஸ் நாட்டின் பழைய குடிகள். பூம்ப்ளிஸ் பக்கம் கோயில் வாங்கிய காணியின் பின்வளவில்தான் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் அவர்களுடைய வண்டிகள் நின்றன. கோயில் வந்தபின் வேலியும் இரும்புக் கதவும் வந்தன.

"தேரன்று மேடையில வைச்சு, இது உங்கட மண் எண்டு வாசிச்சு மன்னிப்புக் கேட்பம்," என்றார் பாலேந்திரன். "பொன்னாடை போர்த்துவம். முதல் காளாஞ்சியும் அவவுக்குத்தான்."

மகேஸ்வரனின் முதுகு நிமிர்ந்தது. பூசை முடிந்ததும் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் குருக்கள் கொடுக்கும் அந்த முதல் தட்டு, ஊரில் அவர் தகப்பன் வாங்கியது. டாவோஸ் ஹோட்டலில் கோப்பை கழுவிய காலத்திலும் அவர் திருவிழாவுக்கு ரயிலேறி வந்து வாங்கியது. வீட்டின் மானமே அதில்தான் இருந்தது.

"மன்னிப்பு உங்கட. காளாஞ்சி மட்டும் என்ரயோ?"

"அண்ணை, பெரிய மனசு பண்ணுங்கோ."

"உன்ர ரெண்டாங் காளாஞ்சியைக் குடுத்து நீ பெரிய மனசு பண்ணு, தம்பி."

பவதாரணி சிரிப்பை அடக்கிக்கொண்டு வெரேனாவுக்கு டொச்சு மொழியில் விளக்கினாள். பதிலையும் அவளே தலைவரிடம் சொன்னாள்.

"தேங்காய் வேண்டாமாம், மாமா. கோடையில வண்டி விட அந்தக் கதவைத் திறப்பியளோ எண்டு கேட்கிறா."

பாலேந்திரன் தொண்டையைச் செருமினார். "அது தேர் விடுற இடம். அடுத்த கூட்டத்தில கதைப்பம்."

மகேஸ்வரன் எழுந்துவிட்டார்.

"ஊரில என்ர காணிக்குள்ள முகாம் போட்டு இருந்துகொண்டு, ஆமிக்காரன் ஒரு பொங்கலுக்கு எனக்குப் பொன்னாடை போர்த்தினவன். கழட்டி அவன்ர கதிரையிலயே போட்டிட்டு வந்தனான். இந்த மனிசிக்கும் அதையே செய்யப் போறியளோ? அந்தக் கதவு திறக்குமட்டும் என்ர வீடு காளாஞ்சி வாங்காது. ஒருத்தருக்கும் விட்டும் குடுக்காது."

"முதல் காளாஞ்சி போகாமல் அடுத்ததை நான் எடுக்கேலாது," என்றார் குருக்கள், மேசையைப் பார்த்தபடி.

பாலேந்திரனின் முகம் கறுத்தது. "அண்ணை, இது வீம்பு."

"ஓம், வீம்புதான். அப்பரிட்ட இருந்து வந்தது."

இதையும் கேட்டறிந்த வெரேனா, மகேஸ்வரனை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னார்.

"தன்ர தகப்பனும் இப்பிடித்தானாம், மாமா. ஒருத்தராலயும் அசைக்கேலாதாம்."

"நல்ல மனிசன்," என்றார் மகேஸ்வரன்.

காளாஞ்சியே இல்லாத திருவிழாவுக்குப் பயந்த நிர்வாகம், தேரை நிறுத்தக் கோயிலின் முன்பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டது. கொடியேற்றத்துக்கு முன்பே பின்வளவுக் கதவைக் கழற்றினார்கள். வண்டிகள் வந்து நின்றன.

மகேஸ்வரன் மனமிளகித் தன் காளாஞ்சியை வெரேனாவின் கையில் கொடுத்தார் என்று பூம்ப்ளிஸ் முழுவதும் ஒரு கதை உலாவுகிறது. அப்படி நடக்கவில்லை. தேரன்று முதல் காளாஞ்சியை வாங்கியவர் மகேஸ்வரன். வெரேனா அந்த நேரம் பின்வளவில் தன் வண்டிக்கு வெயில் மறைக்கப் படங்கு கட்டிக்கொண்டிருந்தார்.